பாறையைப் பார்த்த ஆன்டெனாக்கள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அலுவலகத்திலும் அதையேதான் சொன்னார்கள், ஆனால் நான் அந்தப் பக்கம் நகர்ந்த பிறகு. நான் மறுக்கவில்லை. கோபுரம் ஏறி வேலை பார்த்தவள் நான். அரசுத் தொலைக்காட்சியின் ஒளிபரப்பு நிலையத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்த அன்று, "லேடீஸுக்கு கன்ட்ரோல் ரூம் போதும்மா" என்றார் மேலதிகாரி. மறுவாரம் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அறுபதடி ஏறி, துருப்பிடித்த கிளாம்ப் ஒன்றை மாற்றிவிட்டு இறங்கி, ஸ்பேனரைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். மேஜையெல்லாம் கிரீஸ். அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினேன்.

எங்கள் குடும்பம் கொல்லிமலை அடிவாரத்தில் மரவள்ளியும் கடலையும் போடுகிற குடும்பம். அதனாலேயே மலையின் புகார்களை என் தலையில் கட்டினார்கள். "நீங்கதான் அந்தப் பக்கம், அவங்க பேச்சு உங்களுக்குத்தான் புரியும்" என்பார்கள். எங்கள் கோபுரம் கொல்லிமலைக்கு வடக்கே, வேறொரு மலையின் உச்சியில் இருந்தது. படம் சரியில்லை என்று கடிதம் வந்தால் நான் ஜீப்பில் போய், சிக்னலை அளந்து, ஆன்டெனாவைச் சரியான திசைக்குத் திருப்பி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் எனக்கு ஒரு கர்வம்.

அப்படித்தான் கொல்லிமலைமேல், குண்டனி நாடு என்கிற ஊர்த்தொகுதியில் இருந்த ஒரு சின்ன ஊருக்கு முதல் தடவை போனேன். பதினோரு வீடுகள். "படம் ரெட்டை ரெட்டையாத் தெரியுதுங்க" என்று அஞ்சலட்டை போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு இரண்டு மூக்கு, நாலு கண். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சில்வர் ஓக் மரம், அதில் மிளகுக்கொடி, மரத்தை ஒட்டி உயரமான இரும்புக் குழாய், அதன் உச்சியில் ஆன்டெனா. பதினோரு ஆன்டெனாவும் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தன. தெற்கே பள்ளத்துக்கு அக்கரையில் செங்குத்தாக ஒரு மொட்டைப் பாறை. அதைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது.

எனக்கு வந்ததே கோபம்! "கோபுரம் வடக்கே இருக்குது. நீங்க பாறைக்கா படம் காட்டறீங்க? கொஞ்சமாவது ரோசனை வேண்டாமா?" என்று ஊரையே நிற்க வைத்துக் கேட்டேன். முன்னால் நின்ற ஒரு பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். இடுப்பில் மிளகு பறிக்கும் துணிப்பையோடு நின்றாள். அவள்தான் எல்லோருக்கும் சேர்த்து, "சரீங்க அம்மிணி, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். பதினோரு ஆன்டெனாவையும் வடக்கே திருப்பினேன். வடக்கே ஒரு மேடு மறைத்ததால் படம் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது, ஆனால் மூக்கு ஒன்று. "இப்ப எப்படி?" என்றேன். "நல்லாருக்குதுங்க" என்றார்கள் ஒரே குரலில். அந்தப் பெண் பலாச்சுளை கொடுத்தாள். தின்றுகொண்டே மீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன்: ஆன்டெனாக்கள் கோபுரத் திசைக்குத் திருப்பப்பட்டன. சிக்னல் மிகக் குறைவு. கீழே என் கையெழுத்து.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடங்களில் ஏழெட்டுத் தடவை அந்த வழியாகப் போயிருப்பேன். ஒவ்வொரு தடவையும் பதினோரு ஆன்டெனாவும் வடக்கே பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். எனக்குப் பெருமை தாங்காது. "நான் ஒரு தடவை சொன்னாப் போதும், அந்த ஊர் மாறாது" என்று அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி எல்லோர் காதையும் புளிக்க வைத்தேன். அந்தப் பெண்ணும் நானும் இதற்குள் நன்றாகப் பழகிவிட்டோம். நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னை அம்மிணி என்பாள். ஊரில் மற்றவர்களுக்கு நான் டிவிக்காரம்மா.

அப்போதுதான் டிஜிட்டல் வந்தது. பழைய ஒளிபரப்பை நிறுத்திவிட்டு, அதே கோபுரத்திலிருந்து, அதே காற்று வழியாக, புது முறையில் அனுப்பப் போகிறார்கள் என்றார்கள். வீட்டில் இருக்கும் பழைய ஆன்டெனாவே போதும், கூட ஒரு சின்னப் பெட்டி வேண்டும். மாதக் கட்டணம் கிடையாது. எங்களை உட்கார வைத்து வகுப்பு எடுத்தார்கள். முன்பெல்லாம் சிக்னல் குறைந்தால் படம் மங்கும், புள்ளி விழும், ஆனாலும் ஏதோ ஒன்று தெரியும். டிஜிட்டலில் அந்தப் பேச்சே இல்லை. வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் சுத்தமாக வராது. கறாரான முறை. எனக்குப் பிடித்துப்போனது.

சோதனை ஒளிபரப்பு தொடங்கியதும், மலையில் சில ஊர்களைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு ஒரு பெட்டி இலவசமாகக் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. விஷயம் அக்காவின் காதுக்கும் எட்டிவிட்டது. ஒருநாள் நான் போனபோது நேராகக் கேட்டாள்.

"ஏனுங்க அம்மிணி, எங்க ஊருக்கு உண்டுங்களா?"

"உங்க ஊட்லதான் டிஷ் இருக்குதே அக்கா."

"மழை புடிச்சா அது செத்துப்போயிருதுங்க. மஞ்சு மூடுனாலும் வராது. பழைய படத்தையும் நிறுத்திப்போட்டீங்க. போனுக்கு இங்க டவரே இல்ல. போன ஐப்பசியில மிளகு மூட்டையத் தலையில வெச்சுக்கிட்டு மூணு மைல் நடந்து ரோட்டுக்குப் போறேன், பஸ்ஸக் காணோம். கீழ வளைவுல மண்ணு சரிஞ்சு ரெண்டு நாளா ரோடு அடைச்சுக் கெடக்குதாம். டிவியில சொன்னாங்களாமுங்க. ஊருக்கே தெரியும், எங்களுக்குத் தெரியாது. நனைஞ்ச மூட்டையத் திருப்பிச் சுமந்துக்கிட்டு வந்தேன்."

"உங்க ஊருக்கு இல்லாம வேற யாருக்குங்கக்கா? நான் இருக்கேன்ல" என்று வாய் கொழுத்து வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தலைமையிடத்திலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் அளவெடுக்க வந்தார். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசுவார். அவருடைய மடிக்கணினியில் கொல்லிமலை முழுவதும் நிறம் பூசிக் கிடந்தது. பச்சை என்றால் சிக்னல் வரும், சிவப்பு என்றால் வராது. குண்டனி நாட்டில் அந்த ஊர் இருக்கும் இடம் நல்ல சிவப்பு.

"இது யார் சொன்னது?" என்றேன்.

"மேடு மறைக்குதுன்னு கம்ப்யூட்டரே கணக்குப் போட்டிருக்கு மேடம். அது மட்டும் இல்ல, கள அளவீடும் இருக்கு" என்று ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். முத்து முத்தான கையெழுத்து. சிக்னல் மிகக் குறைவு. கீழே என் பெயர்.

எனக்குச் சுருக்கென்றது. விட்டேனா? "பழைய அளவு அது. போய்ப் பார்க்காம எப்படிச் சிவப்பு அடிக்கலாம்?" என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் ஒரே ஒரு நாள் ஒதுக்கினார். அன்று அங்கே சிக்னல் கிடைக்கவில்லை என்றால் ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது என்று பேச்சு.

அளக்கும் வேன் பெரியது. தலையில் மடக்குக் கம்பத்தைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு வளைவிலும் முனகியது. இன்ஜினியர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே வந்தார், பாவம், காலையில் தின்றது எதுவும் தங்கவில்லை. ஊருக்கு முந்தைய மேட்டில் வேன் முதல் கியரில் முக்கியது. ஊருக்குள் நுழைந்ததும் நான் இன்ஜினியரின் தோளைத் தட்டி, "பாருங்க சார். எல்லா ஆன்டெனாவும் கரெக்டா வடக்கே பாக்குது. எல்லாம் நம்ம டிரெயினிங்" என்றேன். அவரும் வியந்து தலையாட்டினார்.

கம்பத்தை உயர்த்தி வடக்கே திருப்பினோம். மீட்டரில் முள் அசைவது மாதிரி ஏதோ அசைந்தது, நின்றது. பெட்டியைப் போட்டோம். நீலத் திரை. சிக்னல் இல்லை. வேனை நூறடி தள்ளி நிறுத்தினோம். நீலத் திரை. ஊரின் மேற்குக் கோடிக்குப் போனோம். அதே நீலம். ஊர் ஜனம் முழுக்கச் சுற்றி நின்று அந்த நீலத்தைப் பார்த்தது. அக்கா என் முகத்தைப் பார்ப்பதும் கீழே பார்ப்பதுமாக இருந்தாள். தெற்கே பள்ளத்திலிருந்து பனிமூட்டமாக மஞ்சு ஏறத் தொடங்கியது. "இறங்கிடலாம் மேடம், வளைவுல மஞ்சு மூடினா கஷ்டம்" என்று இன்ஜினியர் படிவத்தை எடுத்தார்.

வாக்குக் கொடுத்தவள் நான். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அண்ணாந்து பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. பத்து ஆன்டெனா வடக்கே பார்த்தன. ஒன்று மட்டும் தெற்கே, பாறையைப் பார்த்து நின்றது. அக்கா வீட்டு ஆன்டெனா.

இருந்த எரிச்சலுக்கு அது நன்றாக மாட்டியது. "ஏனக்கா, ஊருக்கே படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன், உங்க ஊட்டுதே இப்படிக் கோணலா நிக்குது. நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று பிடித்துக்கொண்டேன்.

அவள் பதறிப்போனாள். "இல்லீங்க அம்மிணி, திருப்பத்தான் பாத்தேனுங்க. குழாயில குளவி கூடு கட்டியிருக்குது. கை வெச்சாக் கொட்டிப்போடும்."

"எப்பத் திருப்பப் பாத்தீங்க?"

"இப்பத்தானுங்க. மேட்டுல உங்க வண்டிச் சத்தம் கேட்டப்ப."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். நான் பக்கத்துச் சில்வர் ஓக்கின் அடியைப் பார்த்தேன். ஆன்டெனாக் குழாயின் கீழ்ப்பக்கத்தில், இடுப்பு உயரத்தில், குறுக்கே ஒரு மரக்கட்டை கட்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கட்டையைப் பார்த்திருக்கிறேன். அரிவாளும் துணிப்பையும் அதில் மாட்டியிருக்கும், மாட்டுவதற்குத்தான் கட்டியது என்று நினைத்திருந்தேன். போய்ப் பிடித்துத் திருப்பினேன். எண்ணெய் போட்ட பூட்டில் சாவி திரும்புவதுபோல லேசாக, உச்சியில் ஆன்டெனா வடக்கிலிருந்து தெற்கே திரும்பிற்று.

"எத்தனை வருஷமா அக்கா?"

"மொதல்ல வந்துட்டுப் போனீங்களே, அன்னிக்கிப் பொழுது சாயறதுக்குள்ள திருப்பிப்போட்டமுங்க. வடக்க ஒண்ணுமே தெரியலீங்க, ஒரே புள்ளி. பாறையப் பாத்து வெச்சா ரெட்டையாத் தெரிஞ்சாலும் ஆளு தெரியுமுங்க. அப்பறம் நீங்க வாரப்பவெல்லாம் மேட்டுல சத்தம் கேக்கும், நீங்க வாரதுக்குள்ள வடக்க திருப்பிருவோம். நீங்க போனதும் பழையபடி."

"என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"நீங்க அத்தனை தூரத்துல இருந்து வந்து, வேகாத வெயில்ல நின்னு திருப்பிக் குடுத்தீங்க. அது சரியில்லைன்னு எந்த வாயால சொல்றதுங்க? உங்க மனசு சங்கடப்படாதுங்களா?" என்றவள், குரலைத் தணித்து, "அப்பறம் உங்க சத்தமும் ஒண்ணு இருக்குதில்லீங்க" என்றாள்.

இன்ஜினியர் சிரித்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்ததும் படிவத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏழெட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் பதினோரு வீட்டுக்காரர்களும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி, என் மனம் கோணக் கூடாதென்று குழாயைத் திருப்பியிருக்கிறார்கள். நான் அதைப் பார்த்து மார்தட்டியிருக்கிறேன். அலுவலகத்தில் அடித்த பீற்றல் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இன்றும் அந்த மரியாதையைத்தான் செய்திருக்கிறார்கள். அதை நம்பி நானும் வடக்கே அளந்து, அவர்கள் வாயில் மண்ணைப் போட இருந்தேன்.

அப்போதுதான் வகுப்பில் சொன்னது பொறி தட்டியது. கோபுரத்திலிருந்து வரும் அலை பாறையில் பட்டுத் திரும்புகிறது. நேராக வருவதும் பாறையில் பட்டு வருவதும் முன்னும் பின்னுமாக வந்து சேர்வதால்தான் பழைய முறையில் ரெட்டை உருவம். டிஜிட்டலில் கொஞ்சம் பிந்தி வருகிற அலையையும் பெட்டி சேர்த்துக்கொள்ளும், அதனால் கெடுதல் இல்லை என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். நான் ஒழுங்காகக் குறிப்பும் எடுத்திருந்தேன். எடுத்து என்ன, புத்தியில் ஏறினால்தானே?

"சார், பெட்டியை எடுங்க" என்றேன். அக்கா வீட்டுக்குள் போய், ஆன்டெனா ஒயரை உருவிப் பெட்டியில் செருகினேன். இன்ஜினியர் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் ஊர். நீலத் திரை வந்தது. நாலைந்து நொடி அப்படியே நின்றது. திடீரென்று படம் விழுந்தது. புள்ளி இல்லை, நிழல் இல்லை, துடைத்துவைத்த கண்ணாடி. செய்தி வாசிக்கும் பெண்ணின் காதுத் தோட்டில் எத்தனை கல் என்று எண்ணலாம்.

அக்கா திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். "ஒரே மூக்குதாங்க அம்மிணி!" என்று கூவினாள். ஊர் கைதட்டியது. இன்ஜினியர் வேனுக்கு ஓடிக் கம்பத்தைப் பாறைப் பக்கம் திருப்பினார். மூன்று இடத்திலும் அளந்தோம். மூன்றிலும் வேண்டியதற்கு மேலேயே இருந்தது. நான் அழுதேனா என்று கேட்டால், மஞ்சில் கண் கரித்தது என்று அன்று சொன்னேன். அழுதேன்தான்.

ஆனால் அத்தோடு முடியவில்லை. வேனுக்குள் உட்கார்ந்து இன்ஜினியர் மடிக்கணினியில் தட்டிப் பார்த்தார். பழைய கள அளவீடு இருக்கும்வரை சிவப்பு மாறாது. அது தவறு என்று காரணத்தோடு எழுதி, அன்று அளந்தவரே கையெழுத்துப் போட வேண்டும்.

"கருவிக் கோளாறுன்னு போட்டுடலாம் மேடம். உங்களுக்கும் பிரச்சினை இருக்காது" என்றார், நல்ல மனதோடுதான்.

ஆசையாகத்தான் இருந்தது. எனக்கு அப்போது பணியில் மிச்சம் கொஞ்ச காலம்தான். அத்தனை வருடத்தில் என் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. ஆனால் கருவிக் கோளாறு என்றால், அந்தக் கருவியால் மலை முழுக்க எடுத்த அளவெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகும். திரும்ப அளந்து முடிக்கும்வரை பெட்டி வராது. அதற்குள் ஐப்பசி வந்துவிடும். அதோடு, அந்தக் கருவி என்ன பாவம் செய்தது? அது சொன்னதைச் சரியாகத்தான் சொன்னது. நான்தான் அதைத் தப்பான பக்கம் திருப்பினேன்.

பேனாவை வாங்கி, அவசரப்படாமல், என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். கருவியில் கோளாறு இல்லை. அளந்தவர் ஆன்டெனாவைத் தவறான திசையில் வைத்து அளந்துள்ளார். ஊர்மக்கள் பாறையை நோக்கி வைத்திருந்த திசையே சரி. கீழே என் கையெழுத்து, பெயர், பதவி. இன்ஜினியர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலைவணங்கினார்.

அலுவலகத்தில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். 'பாறை மேடம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டீ வாங்கப் போகிறவர்கூட, "மேடம், கேன்டீன் எந்தத் திசையில இருக்குது?" என்று கேட்டார். கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் அந்த வாரமே வரைபடத்தில் குண்டனி நாட்டில் ஒரு பொட்டு பச்சை விழுந்தது. அதை வேலை மெனக்கெட்டு ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

மழைக்கு முன்னால் பதினோரு பெட்டிகளும் போய்ச் சேர்ந்தன. ஐப்பசியில் ஒருநாள், பெட்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவர ஜீப்பில் போனேன். நல்ல மழை. ஊருக்கு முந்தைய மேட்டில் ஜீப் இரண்டாவது கியரில் முக்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை. டிரைவரிடம், "நல்லா ஹாரன் அடிங்க" என்றேன். ஒரு தடவைக்கு நாலு தடவை அடித்தார்.

ஊருக்குள் நுழைந்து, கொட்டுகிற மழையில் தலையை வெளியே நீட்டி எண்ணினேன். பதினோரு ஆன்டெனாவும் என் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறையைப் பார்த்து நின்றன. டிஷ்களில் மழை வழிந்தது. ஒரு மரத்தடியிலும் ஆள் இல்லை. அக்கா வீட்டுக்குள் செய்தி ஓடும் சத்தம் வாசல்வரை கேட்டது.

"வாங்க அம்மிணி. ரோடு தொறந்திருக்குதுன்னு இப்பத்தான் சொன்னாங்க" என்றாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. பக்கத்தில் மிளகு மூட்டை, சாக்குப் போட்டு மூடித் தயாராக இருந்தது.

"ஏனக்கா, மேட்டுல வண்டிச் சத்தம் கேக்கலையா?"

"கேட்டுச்சுங்களே. ஹாரனும் கேட்டுச்சு."

"அப்புறம் யாரும் வெளிய வரல?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்குங்க? நீங்கதான வாரீங்க" என்றாள். பிறகு பலகையை இழுத்துப் போட்டு, "உக்காருங்க. இந்தச் செய்தி முடியட்டும், உங்க ஜீப்புலயே மூட்டைய ஏத்திக்கிட்டு நானும் ரோட்டு வரைக்கும் வாரேன்" என்றாள்.

உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்திருக்கிறார்கள். அன்று யாரும் எழுந்திருக்கவில்லை. அதைப்போல ஒரு மரியாதை எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.